முன் ஜன்மத்துக்கு மெமோ கொடுப்பவர்கள்

பூர்வ ஜன்மம் உண்டு என்று நம்புகிறவன் நான். அது என்ன என்று காசு கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்வதைத்தான் எதிர்க்கிறேன்.

நாடி ஜோதிடத்தில் 13ஆவது காண்டத்துக்குச் சாந்தி காண்டம் என்று பெயர். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு ஏடு தேடுவார்கள். போன பிறவியில் செய்த பாவமும் அதற்குப் பரிகாரமும் அந்தக் காண்டத்தில் வரும். ஏட்டில் நம்பிக்கை இல்லாத படித்தவர்களுக்கு, கண்ணை மூடிப் படுக்கவைத்துப் பழைய பிறவிக்கு அழைத்துப்போகிற 'சிகிச்சை' வந்திருக்கிறது. சரக்கு ஒன்றுதான், கடைதான் வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, பேச்சு வராத பிள்ளையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அல்லாடுகிறவர், இப்படி ஓரிடத்தில் போய் உட்கார்ந்தார். "போன ஜன்மத்தில் ஒரு தாயையும் குழந்தையையும் பிரித்தாய், அதன் பலன்தான் இது" என்று சொல்லி அனுப்பினார்கள். பரிகாரத்துக்கு ஆன செலவு போகட்டும். அதுவரை அந்தப் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், அதன்பிறகு அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தன் குற்றத்தைப் பார்த்து அழுதார். இதைச் செய்ய இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பெரியவர்கள் இந்த மறதியைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். கருவில் இருக்கும் சிசுவுக்கு 9ஆம் மாதத்தில் பழைய பிறவிகள் ஞாபகம் வருமாம். வெளியே வந்து காற்றுப் பட்டதும் எல்லாம் மறந்துபோகுமாம். கர்ப்போபநிஷத்து இப்படிச் சொல்கிறது. (நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கிரேக்கர்களின் லேத்தே ஆற்றைப் பற்றிச் சொன்னார்கள். மறுபடி பிறக்கப்போகிற ஆத்மாக்கள் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பழையதை மறக்கும். அவர்களுக்குத் தண்ணீர், நமக்குக் காற்று.) வைஷ்ணவர்கள் அந்தக் காற்றைச் சடம் என்பார்கள். அதைக் கோபித்து விரட்டியதால் நம்மாழ்வாருக்குச் சடகோபன் என்று பெயர். திருவல்லிக்கேணி கோயிலில் நம் தலையில் வைக்கிறார்களே சடாரி, அதுவும் அவர் பெயர்தான்.

சரி, மறதி தொடாத அந்த ஒருவர் என்ன செய்தார்? ஆழ்வார்திருநகரியில் புளியமரத்தடியில் 16 வருஷம் வாய் திறக்காமல் இருந்தார். மதுரகவி வந்து கேட்டபோது பதில் சொன்னதும் ஆத்மாவைப் பற்றித்தான். போன பிறவிக் கதையை யாருக்கும் பிரித்துச் சொல்லவில்லை.

காரைக்கால் அம்மையாரையும் பாருங்கள். பிறவாமை கேட்டார்; பிறக்கத்தான் வேண்டுமென்றால் இறைவனை மறவாதிருக்கக் கேட்டார் என்கிறார் சேக்கிழார். தான் புனிதவதியாக இருந்ததும், மாம்பழ விஷயமும், பரமதத்தன் விட்டுப்போனதும் ஞாபகம் இருக்க வேண்டும் என்று கேட்டாரா?

ஞாபகம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி சாந்தி தேவி இருக்கிறார். 1926இல் பிறந்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே, தான் மதுராவில் ஒருவருக்கு மனைவியாக இருந்து பிரசவத்துக்குப் பின் இறந்துபோனதாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்படி லுக்தி தேவி என்று ஒருவர் 1925இல் இறந்திருந்தார். விஷயம் காந்திஜி வரை போய், 1935இல் ஒரு குழு அந்தப் பெண்ணை மதுராவுக்கே அழைத்துப்போனது. அது நிஜமா, கட்டுக்கதையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அது முக்கியமில்லை. 9 வயதுப் பெண் குழந்தை, தன்னைவிட மூத்த ஒரு பையனைத் தன் பிள்ளை என்று சொல்லிக் கண்ணீர் விட்டது. புருஷன் என்று சொல்லப்பட்டவரோ வேறு கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். சாந்தி தேவி 1987இல் சாகும்வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஜன்மத்துக்குள் இரண்டு ஜன்மத்தைத் திணித்தால் இந்த ஜன்மம்தான் நசுங்குகிறது.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இயன் ஸ்டீவன்சன், இந்தியா, இலங்கை எல்லாம் சுற்றி இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பதிவு செய்தவர். பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 8 வயதுக்குள் அதைப் பேசுவதை நிறுத்தி மறந்துவிடுகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். காற்று கொஞ்சம் தாமதமாக வீசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

"செய்தது ஞாபகமே இல்லாதவனுக்குத் தண்டனை என்றால் அது என்ன நியாயம்?" என்று பகுத்தறிவு நண்பர்கள் கேட்பார்கள். (கலைஞர் குடியிருந்த கோபாலபுரத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.) நல்ல கேள்வி. குமாஸ்தாவாக இருந்தவன் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். எல்.டிஸ். போட்ட கோப்பை ஒரு வருஷத்தில் அழித்துவிடுவோம். கோப்பு போனாலும் அதில் போட்ட உத்தரவு நின்றுகொண்டுதான் இருக்கும். வினையும் அப்படி என்று நான் நம்புகிறேன். நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் கோப்பே அழிந்துபோன பிறகு, "உன்மேல் இன்ன குற்றச்சாட்டு" என்று ஒருவன் மெமோ நீட்டினால் அது போலி மெமோ. இதில் நாத்திகருக்கும் எனக்கும் தகராறே கிடையாது. கடவுளே அழித்த கோப்பின் நகல் இவர்கள் பீரோவில் மட்டும் எப்படி வந்தது?

அப்படியும் போய்த்தான் தீருவேன் என்கிறவர்கள், போகுமுன் ஒன்று விசாரியுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தால் எந்தக் காண்டத்தைப் பார்க்கிறார், எந்த டாக்டரைப் பார்க்கிறார்?