மெழுகுதிரிக்கு எங்கள் மலையின் வாசம்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை எங்கள் வயதுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து என்ன செய்கிறார்கள்? ஒரு காலத்தில் தையல். பிறகு கேக் ஐசிங். அதன்பின் மருதாணி. இப்போது கைபேசியைப் பார்த்துப் பார்த்து வாசனை மெழுகுதிரி செய்யும் ஆசை மாவனல்லைக்கும் வந்துவிட்டது, பலாங்கொடைக்கும் வந்துவிட்டது.

வீட்டில் இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, "நெருப்போட என்ன விளையாட்டு, புத்தகத்தை எடு." மற்றது, "செய்யிறதென்றால் நாலு பேருக்கு வித்துக் காசாக்கு." முதலாவதில் நியாயம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது பதில்தான் எனக்கு உறுத்துகிறது. வீட்டு ஆண்பிள்ளை பின்னேரம் கிரிக்கெட் விளையாடப் போனால், அதில் மாதம் எவ்வளவு வரும் என்று யாரும் கேட்பதில்லை. பெண்பிள்ளை கையில் எடுக்கிற எதற்கும் உடனே 'சுயதொழில்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒன்றைச் செய்து பார்க்கும் மகிழ்ச்சிக்காகச் செய்யும் உரிமை அவளுக்கும் இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

அதிலும் மெழுகுதிரி வெறும் அலங்காரப் பொருளல்ல. மைக்கல் பரடே என்ற விஞ்ஞானி 1860 டிசம்பர் இறுதியில் தொடங்கி இலண்டன் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காக ஆறு விரிவுரைகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரே ஒரு மெழுகுதிரி! பரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். எரியும் திரியை அணைத்ததும் எழுகிற வெண்புகையருகே நெருப்பைக் காட்டிப் பாருங்கள், சுவாலை புகை வழியே தாவித் திரியில் மீண்டும் பற்றும். எரிவது திரியல்ல, மெழுகின் ஆவி என்பது அப்போது கண்ணாலேயே விளங்கும். உயர்தரத்தில் நாங்கள் மனப்பாடம் செய்கிற எத்தனையோ விடயங்கள் அந்த ஒரு நொடிக்குள் அடங்கியிருக்கின்றன.

வாசம் என்றால் எங்களுக்குப் புதிதல்ல. சாம்பிராணிச் சட்டியும் அத்தர் போத்தலும் இல்லாத வீடு எங்களிடையே குறைவு. ஆனால் மெழுகுதிரி என்று வந்ததும் லெவண்டர், வெனிலா, 'கடல் காற்று' என்று எழுதிய போத்தல்களைத் தேடுகிறோம். சப்ரகமுவவில் யார் வீட்டு முற்றத்தில் லெவண்டர் பூக்கிறது? இங்கே பூப்பதும் காய்ப்பதும் வேறு. கேகாலைப் பக்கத் தோட்டங்களில் கராம்பும் சாதிக்காயும் உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் கறுவா உண்டு. இலங்கைக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறது. கறுவாப் பட்டை எண்ணெய் விலை கூடியது. இலையிலிருந்து வடிக்கும் எண்ணெய் அவ்வளவு இல்லை. இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல், அதாவது கராம்பு எண்ணெயிலும் இருக்கிற, பல் வைத்தியரின் அறையில் மணக்கிற அதே பொருள். பெங்கிரி எண்ணெய் என்று சிங்களத்தில் சொல்லும் சிட்ரோனெல்லாவைப் பாருங்கள். உலக வாசனை வியாபாரத்தில் அதில் 'சிலோன் வகை', 'ஜாவா வகை' என்று இரண்டு உண்டு. எங்கள் நாட்டின் பெயரால் அழைக்கப்படும் ஒரு வாசத்தை நாங்கள் நுளம்புக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எண்ணெய் என்றுதான் சொன்னேன், தூளை அல்ல. கறுவாத் தூளையும் காய்ந்த பூவையும் மெழுகில் கலந்து அழகு பார்க்கிற காணொளிகள் நிறைய உண்டு. தூள் திரியை அடைத்துவிடும், காய்ந்த பூ தானே இன்னொரு திரியாகி எரியும். பன்னீர் மெழுகோடு கலவாது. மதுசாரம் கலந்த வாசனைத் திரவியம் சட்டென்று தீப்பற்றும். கறுவா எண்ணெய் தோலில் பட்டால் எரியும், ஆகவே கையுறை வேண்டும். அளவும் முக்கியம். 200 கிராம் மெழுகுக்கு நூற்றுக்கு எட்டு வீதம் என்றால் 16 கிராம் எண்ணெய். கூட ஊற்றினால் கூட மணக்காது, புகைதான் வரும். தேங்காயெண்ணெயை மட்டும் வைத்துத் திரி செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழேதான் உறையும். இரத்தினபுரி வெயிலில் உங்களுக்குக் கிடைப்பது மெழுகுதிரியல்ல, விளக்கு.

இனிப் பெற்றோரின் பயம். அது வீண் பயமல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்த தீ அங்கேயே நிற்பதில்லை. பரபின் மெழுகு 50, 60 பாகையில் உருகிவிடும். 200 பாகையை அண்டினால் அதன் ஆவி தீப்பற்றும். அதனால் மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்கக்கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினால் 100 பாகையைத் தாண்டாது. தப்பித் தவறி மெழுகு பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடவேண்டும். விறகடுப்பில் இந்த வேலையே வேண்டாம் என்பேன். செய்த திரியையும் மூடிய சிறு அறையில், அதுவும் இழுப்பு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டில், கொளுத்தவேண்டாம். வாசம் எல்லோருக்கும் சுகமில்லை.

காசு விடயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் பொழுதுபோக்குக்கு மெழுகு வாங்கித் தா என்று ஒரு பிள்ளை எப்படிக் கேட்பாள்? வாங்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அன்றிலிருந்து மெழுகுதிரித் துண்டுகள் இல்லாத சமையலறை இல்லை. அவற்றை உருக்கி, கரித்திரியை வடித்தெடுத்து, வெறும் பால்மா டின்னில் புதுத் திரி நட்டு ஊற்றினால் போதும். செலவு சில துளி எண்ணெய்க்கு மட்டுமே.

விற்க விரும்புகிறவள் விற்கட்டும், தடையில்லை. ஆனால் மெழுகு, எண்ணெய், திரி, போத்தல், உடைந்துபோனவை, தன் நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி விலை போடட்டும். கல்யாண வீட்டுக்கு ஐம்பது செய்து தரச் சொல்லிவிட்டு, காசென்றதும் "வீட்டுப் பிள்ளைதானே" என்கிற உறவினர்களுக்கும் அந்தக் கொப்பியைக் காட்டலாம்.

எங்கள் கல்லூரியிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உயர்தர இரசாயனவியல் பிரிவும் மனையியல் பிரிவும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இதைச் செய்து காட்டலாம். தராசு, வெப்பமானி, மணல் வாளி மூன்றும் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. உம்மாமாரையும் அழையுங்கள், மின்வெட்டில் மிஞ்சிய துண்டுகளை அவர்களே கொண்டுவருவார்கள்.