‘சாப விமோசனம்’: இரண்டாம் கல்லின் பொருள்

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) அகலிகை மீண்டும் கல்லாவதோடு நிறைவுறுகிறது. இதனால் அதனை அவநம்பிக்கைக் கதையாகக் கொள்வோர் உளர். அக்கருத்து மறுபரிசீலனைக்குரியது.

முதற்கல் கோதமனின் சாபத்தால் விளைந்தது; இரண்டாம் கல்லுக்குச் சாபம் இட்டவர் எவருமில்லை. தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயால் கேட்டறிந்த அகலிகை, தனக்கொரு நீதி, அவனுக்கொரு நீதியா எனக் கலங்குகிறாள். உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினால்தான் உண்மை உண்மையாகுமா என்னும் ஐயம் அவளுள் எழுகிறது. சபித்த கோதமனும் பழைய கோதமனாக இல்லை. மன்னிக்கவும் தருமத்தை மீளச் சிந்திக்கவும் கற்றவனாகிறான். தண்டனைக்குள்ளானவள் தருமத்தைக் கேள்விக்குட்படுத்துவதும், தண்டித்தவன் மனம் மாறுவதுமே இக்கதையின் நம்பிக்கை. முடிவின் இருள் அதனை அழிப்பதில்லை.

இராமாயணப் பரிச்சயம் உடையோர்க்கு இக்கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம் என ஆசிரியரே முகப்பில் குறித்துள்ளார். காப்பியப் பயிற்சியே இதனை நுகர்தற்குரிய தகுதி என்னும் எண்ணத்தை அக்குறிப்புத் தளர்த்துகிறது. ஆதலின், இசுலாமியர் மிகுதியாக வாழும் மேல்விஷாரம் போன்ற தோல்தொழில் நகரங்களின் கல்லூரி வகுப்பறைகளில் இக்கதையைக் கற்பிப்போர், முழு இராமாயணத்தையும் முன்னுரையாக்க வேண்டியதில்லை. அகலிகையின் ஐயத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். காப்பியத்தை வீட்டில் கேட்டு வளராத மாணவரின் வாசிப்பைக் குறையுடையதாகக் கருதாமல், ஆசிரியர் எதிர்நோக்கிய வாசிப்புகளுள் ஒன்றாக ஏற்பதே தகும்.