கால் எரிகிறது என்று குழந்தை சொன்னால்

புதுச்சேரியில் பல வீட்டு வாசல்களில் பூத்து நிற்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படுவதே வின்கிறிஸ்டின் என்னும் மருந்து. 1960-களிலிருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. (அச்செடியை வீட்டில் காய்ச்சிக் கொடுப்பது பேராபத்து.) உயிர்காக்கும் இம்மருந்து நரம்புகளையும் தாக்குகிறது. பாதம் எரியும், விரல்கள் மரத்துப்போகும், தாடை வலிக்கும், சில குழந்தைகளுக்கு நடக்கும்போது முன்பாதம் தொங்கும்.

சிறு குழந்தைக்கு இதைச் சொல்லத் தெரியாது. காலில் எறும்பு கடிப்பதாகச் சொல்லும். செருப்பு அணிய மறுக்கும். தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும். அதனை அடம் என்று கண்டிக்கும் பெற்றோர் உண்டு. வலியைச் சொன்னால் புற்றுநோய் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி மறைப்போரும் உண்டு. மறைக்காதீர்கள். மருந்தின் அளவைப் பற்றி முடிவெடுக்க எங்களுக்கு அந்தச் செய்தி தேவை.

வலி என்றவுடன் மாத்திரையை எதிர்பார்ப்பது குடும்பத்தினரின் வழக்கம். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் அதை மட்டும் எழுதித் தருவது எங்கள் வழக்கம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. மாத்திரை தேவைப்படும்போது தருவோம். ஆயினும் அது தூக்கக் கலக்கம் தரலாம், வலியை முழுதும் நீக்காமலும் போகலாம். குழந்தைகளின் நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சி மருத்துவமும் உளவியல் சிகிச்சையும் இடம்பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது.

அடிபட்ட முழங்காலைத் தாய் தேய்த்துவிட்டால் வலி குறைவதை அறிவோம். தொடுவுணர்வு, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே தணிக்கிறது என்று மெல்சாக், வால் என்னும் அறிஞர்கள் 1965-இல் விளக்கினர். பஞ்சு, மென்துணி, துண்டு என்று படிப்படியாகப் பாதத்தைத் தொட்டுப் பழக்குவதும் கணுக்கால் பயிற்சியும் இவ்வகையில் உதவக்கூடும். பாதம் தொங்கினால் தாங்குபட்டை தேவைப்படலாம். சோப்புக் குமிழி ஊதுவதும் கதை கேட்பதும் மூச்சைச் சீராக்கி, கவனத்தை வலியிலிருந்து விலக்கும். அதனால் குறைந்தாலும் அவ்வலி பொய்யன்று.

இவை நரம்பை உடனே சீராக்கிவிடா. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மாதக்கணக்கில் தேறும்; சிலருக்கு நீடிக்கும். அதுவரை குழந்தை நடக்கவும் உறங்கவும் பள்ளிக்குத் திரும்பவும் இவை துணைநிற்கும்.

சில எச்சரிக்கைகள்: மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் பனிக்கட்டியும் வேண்டா, சுட்டாலும் குழந்தைக்குத் தெரியாது. வெயிலில் வெறுங்காலுடன் நடக்கவிடாதீர்கள். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

குழந்தை தடுக்கி விழுந்தபின் உடற்பயிற்சி மருத்துவரிடம் அனுப்புவது காலங்கடந்த செயல். முதல் ஊசியின்போதே அனுப்ப வேண்டும். அடுத்த வருகையில் குழந்தையின் கால்களைப் பற்றி நாங்கள் கேட்க மறந்தால், தயங்காமல் நீங்களே நினைவூட்டுங்கள்.