நாட்டு வளர்ச்சிக்கு மின்சாரம் வேண்டும்! அதற்கு நம் தோட்டம்தான் பலியா?



"மின்சாரம் இருந்தால்தான் தொழில் நடக்கும். தொழில் நடந்தால்தான் நாடு முன்னேறும். டவர் வேண்டாம் என்கிற விவசாயி வளர்ச்சிக்கு எதிரி." இப்படி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே இந்தத் துண்டறிக்கை.

மின்சாரத்தின் அருமையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. கவலை இறைத்த கைகள் மோட்டார் சுவிட்சைப் போட்டன. 2012 மின்வெட்டில் பனியன் கம்பெனியும் படுத்தது, வெள்ளாமையும் காய்ந்தது. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிக் குண்டுக்கு மூன்று விவசாயிகளைப் பறிகொடுத்தவர்கள் நாம். மின்சாரம் வேண்டாம் என்று நாமா சொல்வோம்?

திருப்பூர் பனியன் ஏற்றுமதி 2024-25இல் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சந்தோஷம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வளர்ச்சியின் லாபம் எல்லோருக்கும், நஷ்டம் மட்டும் விவசாயிக்கு என்றால் இது என்னங்க நியாயம்?

எங்கிருந்து வருகிறது இந்த மின்சாரம்?

நம் அமராவதி அணையில் 4 மெகாவாட், ஆனைமலையில் கடம்பாறையில் 400 மெகாவாட் எடுக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. அதுவும் போதாமல் சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் கம்பி இழுத்தார்கள். நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். சுமப்பது 6,000 மெகாவாட். நிலக்கரி அங்கே, ஆலை இங்கே, நடுவில் சிக்கிக் கிடப்பது நம் தோட்டம்!

இத்தோடு முடியாது. 2030க்குள் காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து 5 லட்சம் மெகாவாட் என்று மத்திய அரசு இலக்கு வைத்திருக்கிறது. காற்றும் வெயிலும் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மின்சாரம் எடுக்க முடியும். அப்படியானால் கம்பி இன்னும் கூடும். இன்றைக்குப் பக்கத்து ஊர்க்காரர் தோட்டம், நாளைக்கு நம் தோட்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 கிலோவோல்ட் கம்பிக்கு ஒதுக்கும் அகலம் 69 மீட்டர். அது நம் காட்டில் நூறு மீட்டர் தூரம் போனால் 6,900 சதுர மீட்டர். அதாவது 1.7 ஏக்கர்! இரண்டு ஏக்கர் வைத்திருப்பவனுக்கு மிச்சம் என்ன? பட்டா நம் பேரில், கந்தாயம் நம் பேரில். ஆனால் கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றால் வாங்க ஆள் வராது.

1885ஆம் வருடத்துச் சட்டம்!

இதையெல்லாம் எந்தச் சட்டத்தில் செய்கிறார்கள் தெரியுமா? வெள்ளைக்காரன் போட்ட 1885 தந்திச் சட்டம். தந்தி சேவையே 2013இல் நின்றுபோனது. 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்தபோதும், மின்கம்பி போட மட்டும் அந்தப் பழைய பகுதி தொடரும் என்று எழுதி வைத்தார்கள். தந்தி செத்துப்போச்சு, தந்திச் சட்டம் மட்டும் நம் காட்டில் உயிரோடு நிற்குது!

புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் போகிறது. கொங்கு மண்ணில் அது தலைக்கு மேலே கம்பியாகப் போகிறது. கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் தூரம் தரைக்கடியில் கேபிளாகப் போகிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

"தரைக்கடியில் போட்டால் செலவு அதிகம்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மேலே போட்டால் அந்தச் செலவு காணாமலா போய்விடுகிறது? மின்சாரம் வாங்குகிற கோடிப்பேர் பங்கு போட்டுக் கட்ட வேண்டியதைச் சில ஆயிரம் விவசாயிகள் தலையில் கட்டுகிறார்கள். மலிவு மின்சாரம் என்பது நம் நிலத்தைத் தின்று வந்த மலிவு!

இழப்பீட்டுக் கதையும் கேளுங்கள். 2015இல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே அதிகபட்சம் 15 சதவீதம் என்றார்கள். 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் இரவு பகலாகக் காத்திருப்புப் போராட்டம் நடத்தினோம். நாட்டில் பல இடங்களிலும் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. போராடாமல் ஒரு பைசா ஏறவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் வந்த வழிகாட்டுதலைப் பாருங்கள்: கம்பிக்குக் கீழே மாநகரத்தில் 60, நகராட்சியில் 45, கிராமத்தில் 30. ஒரே கம்பி, ஒரே ஆபத்து. கிராமத்தான் நிலம் மட்டும் இளக்காரமா?

நம் கோரிக்கைகள்:

1. புதிய மின்பாதைகளைச் சாலையோரமாக, தரைக்கடியில் கொண்டுபோக வேண்டும். எரிவாயுக் குழாயை நெடுஞ்சாலையோரம் போடச் சொல்லி 2013இல் தமிழக அரசே சொன்னதுதான் இது.

2. போட்ட பாதைகளுக்கு மாத வாடகை வேண்டும். செல்போன் டவருக்கு வாடகை உண்டு. கம்பி போட்ட நிறுவனத்துக்கும் மாதாமாதம் கட்டணம் வருகிறது. நமக்கு மட்டும் ஏன் ஒரு தடவையோடு சரி?

3. கிராமத்துக்கும் மாநகரத்துக்கும் ஒரே சதவீதம்.

4. 1885 சட்டப் பகுதியை நீக்க வேண்டும்.

அளவெடுக்க வந்தால்:

எழுத்து மூலம் நோட்டீசும் பாதை வரைபடமும் கேளுங்கள். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாம் மறுத்தால் 16(1) பிரிவின்படி கலெக்டர் உத்தரவு வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். இழப்பீடு போதாது என்றால் 16(3) பிரிவின்படி மாவட்ட நீதிமன்றம் போகலாம். மரம், கிணறு, போர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். தனியாக நின்றால் மிரட்டுவார்கள். ஊராக நின்றால் உட்கார்ந்து பேசுவார்கள்.

மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது சிட்டா, அடங்கலோடு கலெக்டர் ஆபீசுக்குத் திரண்டு வாருங்கள்!

வளர்ச்சியில் பங்கு கொடு! இல்லையேல் பாதையை மாற்று!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
அமராவதி நகர்.