லாரியை எண்ணச் சொன்னா பில்லை எண்ணுறாங்க!

தமிழ்நாட்டுல இருந்து கேரளாவுக்கு எத்தனை சரக்கு லாரி போகுதுன்னு பேச்சு எழுந்தா போதும், உடனே ஒருத்தர் இ-வே பில் எண்ணிக்கையைத் தூக்கிட்டு வந்துடுவார். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்து வாளையார் வரி செக்போஸ்ட் எடுபட்டுப் போச்சு. 2018 ஏப்ரல்ல இருந்து இந்த பில்தான் வேதம். சாமிகளா, அது சரக்குக் கணக்கு, லாரிக் கணக்கு இல்லை!

சரக்கோட மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாத்தான் பில் கட்டாயம். பச்சைக் காய்கறிக்கு அதுவும் வேண்டாம். ஒட்டன்சத்திரத்துல இருந்து ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டுற காய்கறி வண்டி இந்தக் கணக்குல எங்கேய்யா இருக்கு? பார்சல் லாரி ஒண்ணுல கட்டுக்கட்டா பில் இருக்கும். காலியாத் திரும்புற வண்டிக்கு பில்லே கிடையாது. ஆனா ரோட்டை அடைக்கிறதுல காலி என்ன, லோடு என்ன?

சுங்கச்சாவடிகள்ல ஓடுற வண்டியை அச்சு அச்சா எடை போடுற கருவி வைக்கிறாங்களே, அந்தப் பதிவை எடுங்க. பத்து டயர் வண்டி காலியா சுமார் 10 டன், முழு லோடோட 28.5 டன் வரைக்கும் (2018ல கூட்டின அளவு) போகலாம். ஒரு வாரப் பதிவை வரைபடமாப் போட்டாலே காலி ஒரு மேடு, லோடு ஒரு மேடுன்னு தனித்தனியாத் தெரியும்.

"அந்த எடை துல்லியமில்லையே"ம்பாங்க. சரிதான். அமெரிக்கத் தரவிதியே முதல் வகைக் கருவிக்கு மொத்த எடையில பத்து சதவீதம் முன்னப் பின்ன விடுது. அபராதம் போட அது பத்தாது. பத்து டன்னையும் இருபத்தெட்டு டன்னையும் பிரிச்சுப் பார்க்க தாராளம்!

பாம்பாம்பள்ளம் சாவடியில எடுத்தா, வாளையார் சிமென்ட் ஆலையில கிளம்புற வண்டியைக் கழிக்கணும். அது எல்லையே தாண்டலை. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியா போறவனைத் தனியா எண்ணணும். இந்த உழைப்புக்குச் சோம்பல்பட்டுத்தான் பில்லைப் பிடிச்சுத் தொங்குறாங்க.

சராசரி எடை போடுற புத்திசாலிகள் வேற! அளவுக்கு மேல 20 சதவீதம் ஏத்தின அச்சு ரோட்டை ஏறக்குறைய ரெண்டு மடங்கு கெடுக்கும். 1958-60ல அமெரிக்காவுல ரோடு போட்டு லாரி ஓட்டிப் பார்த்துக் கண்ட நாலாம் அடுக்குக் கணக்கு இது. காலி வண்டியையும் அதையும் கூட்டி வகுத்தா எல்லாரும் யோக்கியன் ஆயிடுவான். குழிக்குப் பழி மட்டும் மழைமேல.

வண்டி நம்பரை எடுத்துட்டு, நேரம், அச்சு, எடை மட்டும் மாசாமாசம் வெளியிடுங்க. அதுவரை 'தினம் இத்தனை ஆயிரம் லாரி'ன்னு எவர் சொன்னாலும், எந்த ரோட்டுல, காலியா லோடான்னு நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.