ஒரு நாட் செலவு

தமிழிற் செலவு என்னுஞ் சொல் இரு பொருள் தரும். ஓரிடத்தினின்று மற்றோரிடஞ் செல்லுதலுஞ் செலவு. கையிலுள்ளதைக் கொடுத்துக் கழித்தலுஞ் செலவு. வழிச்செல்வோன் பொருளை மட்டுமன்றித் தன் வாழ்நாளிலும் ஒரு கூற்றைக் கழிக்கின்றான் என்பதை இச்சொல் நமக்கு நினைப்பூட்டுகின்றது. அங்ஙனங் கழிந்த நாளுக்கு ஈடாக அவன் பெற்று மீள்வது யாது என்பதே ஈண்டு யாம் ஆராய விழைவது.

இக்கல்லூரியிற் பயின்று, இப்பொழுது ஐரோப்பாவில் மேற்கல்வி பெறும் அன்பரொருவர் சின்னாட்களுக்கு முன் எமக்கு ஒரு திட்டம் வரைந்து விடுத்தார். கோடை விடுமுறையில் ஒரு நாள், நண்பர் மூவருடன் மோட்டார் வண்டியொன்றை வாடகைக்கு அமர்த்தி, இத்தாலி நாட்டுத் தஸ்கனிப் பகுதியின் குன்றூர்களைக் கண்டுவர அவர் கருதியிருந்தார். காலையிற் புளோரன்ஸ் நகரை விட்டுப் புறப்பட்டு, சான் ஜிமிஞானோ, வோல்தேரா, மொந்தால்சினோ, பியென்சா, மொந்தேபுல்சியானோ, கொர்தோனா என்னும் ஆறூர்களையுங் கண்டு, இரவில் அந்நகருக்கே மீளுதல் அவர் எண்ணம். எம் கருத்து யாதென்றும் வினவியிருந்தார். யாம் இத்தாலியை நேரிற் கண்டிலேம். நூல்களிலும் நிலப்படத்திலுமே கண்டுள்ளேம். எனினுங் கணக்கு எவர்க்கும் பொதுவன்றோ?

அக்கணக்கை முதற்கண் பார்ப்போம். புளோரன்ஸ் தொடங்கி ஆறூர் சுற்றி மீள, வண்டி ஓட்டத்திற்கு மட்டுமே ஏறக்குறைய 7 மணி நேரம் வேண்டும். ஊர்தோறும் வண்டியை நிறுத்த இடந்தேடி, மேட்டிலேறி, மீண்டும் இறங்கிவர அரை மணியாயினுஞ் செல்லும். அஃது ஆறூர்க்கு 3 மணியாம். காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை 12 மணி நேரமெனின், எஞ்சுவது 2 மணியே. ஓரூர்க்குக் கிடைப்பது 20 நிமிடம். உண்பதும் இளைப்பாறுவதும் அதனுள்ளேயே அடங்கல் வேண்டும். இஃது ஊர் காணுதலாகுமா? பெயர்ப்பட்டியலில் ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு செல்லுதலே ஆகும். ஆதலின், ஆறினை விடுத்து இரண்டினைக் கொள்க என்று யாம் மறுமொழி எழுதினேம். அதற்குரிய காரணங்களை நம் மாணவ நண்பர்க்கும் உரைத்தல் நலமெனக் கருதுகின்றேம்.

முதலாவது காரணம் அவ்வூர்களின் அமைப்பே. பகைவர்க்கும் பள்ளத்தாக்கின் காய்ச்சலுக்கும் அஞ்சி மக்கள் குன்றின் உச்சியிற் குடியேறி, மதிலெழுப்பி, உள்ளே ஒடுங்கிய தெருக்களை வகுத்துக்கொண்டனர். காலால் நடப்போர்க்கும் கழுதைகளுக்கும் ஏற்ற தெருக்கள் அவை. வண்டிக்கு ஏற்றன அல்ல. இன்றோ அத்தெருக்கள் பலவற்றில் அயலார் வண்டி புகுதல் சட்டத்தாலேயே தடுக்கப்பட்டுள்ளது. எல்லையில் ஓர் அறிவிப்புப் பலகையும் ஒரு புகைப்படக் கருவியும் நிற்கும். அறியாது புகுந்தவர்க்குத் தண்டச்சீட்டு அவ்விடத்தே வாராது. அவர் வீடு திரும்பிச் சில திங்கள் கழித்து, வண்டியை வாடகைக்கு ஈந்தோர் வாயிலாக வந்து சேரும். எனவே மதிற்புறத்தே வண்டியை விடுத்து நடத்தலே முறை. விரைந்து காண்பாரை அவ்வூர்களின் கல்லும் மதிலுமே ஏற்றுக்கொள்ளவில்லை என்க.

இரண்டாவது காரணம், ஊர்களுக்கு இடைப்பட்ட நிலமும் காணத்தக்கதே என்பது. சீயெனா நகரின் பழைய ஆட்சி மாளிகையில், அம்புரோஜோ லொரென்செத்தி என்னும் ஓவியர் 1338, 1339 ஆகிய ஆண்டுகளில் நல்லாட்சியின் பயனைச் சுவரில் தீட்டினார். நகரத்திற் கடைத்தெருவும் ஆடுவாருங் காணப்படுவர். மதில்வாயிலுக்கு அப்பால் உழுவாரும் அறுப்பாரும், அச்சமின்றி வழிச்செல்வாருங் காணப்படுவர். நாடு நன்றாயினன்றி நகரம் நன்றாகாது என்பதை அவ்வோவியம் சொல்லாமற் சொல்லுகின்றது. அதற்குத் தெற்கேயுள்ள ஓர்ச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சீயெனா நகரத்தார் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய எண்ணத்தோடே திருத்தியமைத்தனர். யுனெஸ்கோ நிறுவனம் 2004-இல் அப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றது.

ஆயினும் அவ்வழகு யாருடைய உழைப்பால் நிலைத்தது? விளைவிற் பாதியை நிலக்கிழார்க்கு அளந்து, மறுபாதியால் உயிர்வாழ்ந்த வாரக்குடிகளின் உழைப்பால் அன்றோ! அத்தகைய வார உடன்படிக்கையைப் புதிதாக எழுதுதலை 1964-இல் இத்தாலியச் சட்டந் தடுத்தது. வறுமையால் ஊர்விட்டு நகரங்களுக்குச் சென்ற குடும்பங்கள் பல. அவர் விட்டுச் சென்ற கல்வீடுகளுட் பல இன்று விருந்தினர் தங்கும் மனைகளாயின. குன்றின்மேல் நிற்கும் சைப்பிரசு மரவரிசையைப் படம் பிடிப்போர் பலர். அதனடியிலுள்ள வீட்டில் முன்னர் வாழ்ந்தவர் யாரென வினவுவோர் சிலரே. வினவுதற்கும் வண்டி சற்று நிற்றல் வேண்டும்.

இனி யாம் வரைந்த திட்டத்தைக் கூறுவேம். முதல்நாள் சீயெனாவிலேயே தங்கி, அவ்வோவியத்தைக் கண்டுகொள்க. மறுநாட் காலை 8 மணிக்குப் புறப்பட்டு, பண்டை உரோமர் வகுத்த காசியப் பெருவழியே தெற்கு நோக்கிச் செல்க. சான் குவிரிக்கோ என்னுமிடத்திற் கிழக்கே திரும்பின், சிறிது தொலைவிற் பியென்சா தோன்றும். அது முன்னர்க் கொர்சிஞானோ என்னுஞ் சிற்றூர். அங்கே 1405-இற் பிறந்த ஒருவர் 1458-இல் இரண்டாம் பயஸ் என்னும் பெயருடன் போப்பரசரானார். அவர் பெர்நார்தோ ரொசெல்லீனோ என்னுஞ் சிற்பியைக் கொண்டு தம் பிறப்பூரைப் புதுக்கினார். அங்குள்ள பேராலயம் 1462-இல் திருநிலைப்படுத்தப்பெற்றது. அதன் பக்கத்து மாளிகைத் தோட்டத்தில் நின்று நோக்கின், பள்ளத்தாக்கு முழுவதும், அதற்கப்பால் 1738 மீட்டர் உயர்ந்த அமியாத்தா மலையுங் காணலாம். நண்பகலில் ஆலயங்கள் பல கதவடைக்கும். அப்பொழுது அவ்வூர் ஆட்டுப்பாற் கட்டியும் ரொட்டியும் உண்டு இளைப்பாறுக.

பிற்பகலில் 13 கிலோமீட்டர் அளவு சென்றால் மொந்தேபுல்சியானோ. ஊரின்கீழ்த் தனித்து நிற்கும் சான் பியாஜோ ஆலயத்தை முதலிற் கண்டு, பின்னர்க் கீழ்வாயிலினின்று உச்சிச் சதுக்கம் வரை நடந்தேறுக. அவ்வூர்த் திராட்சை மது பெயர் பெற்றது. ஆயின் வண்டி ஓட்டுவோர் அதனைத் தீண்டற்க. உரிமம் பெற்று மூவாண்டு நிரம்பாதார்க்கு இத்தாலியச் சட்டம் ஒரு துளியும் இசையாது. வண்டி சாலையின் வலப்புறம் ஓடுவதென்பதையும், நம் நாட்டு உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டுமென்பதையும் மறத்தலாகாது.

“இத்துணைப் பொருள் செலவிட்டு அத்துணைத் தொலைவு சென்றவர், மீண்டும் எப்பொழுது செல்வர்? இயன்றவரை பலவற்றைக் காண்பதன்றோ அறிவுடைமை?” என்று சிலர் வினவலாம். பெரும்பொருள் ஈட்டாத மாணவர்க்கு இவ்வினா எளியதன்று. யாமும் அதனை எளிதாக ஒதுக்கோம். மீண்டுஞ் செல்லும் வாய்ப்பு இல்லையென்பதே நின்று காண்பதற்கு வலிய காரணமாகும். கண்ட ஊரைப் பத்தாண்டு கழித்தும் மனக்கண்முன் எழுப்ப இயலுமாயின் செலவு பயன்பட்டது. எவ்வூரில் எம்மதிலைக் கண்டோமென மயங்குவேமாயின், ஆறூர் கண்டும் ஓரூருங் கண்டிலேம்.

மொந்தேபுல்சியானோவை யாம் தேர்ந்ததற்கு மற்றுமொரு காரணமுண்டு. தமிழ் பயில்வோர் அறிந்த தத்துவ போதகராகிய இராபர்ட்டு தெ நொபிலியின் குடிக்குரிய ஊர் அது. அவர் 1606-இல் மதுரை சேர்ந்தார். தமிழும் வடமொழியும் பயின்று, தமிழில் உரைநடை நூல்கள் யாத்து, 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார். அவருடைய கொள்கைகளில் உடன்படுவாரும் உடன்படாதாரும் உளர். ஆயினும், அயலூரொன்றை அறிதற்கு அங்கே தங்குதலும் அதன் மொழியைச் செவிமடுத்தலும் வேண்டுமென்பதை அவர் வாழ்க்கை எவர்க்கும் உணர்த்தும். அக்குன்றூர்க் குடியில் வந்த ஒருவர் நம் மொழிக்கு ஐம்பதாண்டு ஈந்தார். நம்மவர் நால்வர் அக்குன்றுக்கு ஒரு பிற்பகலேனும் ஈதல் மிகையாகுமா?

அன்பரிடமிருந்து மறுமொழி இன்னும் வந்திலது. நண்பர் மூவரையும் அவர் இணங்குவித்தல் வேண்டுமன்றோ?