சாலை போட்டவர்களின் பெயர்கள்

நெய்வேலி நகரியத்தில் கூடியிருக்கும் நாங்கள் சுரங்கத்திலும் அனல் மின் நிலையங்களிலும் வேலை பார்ப்பவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், இந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்துகிறவர்கள். இன்று ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். போரில் நொறுங்கிய நாட்டை எழுப்பப் போய், அந்த வேலையிலேயே உயிரை விட்ட அரசுப் பணியாளர்களை ஊரறியப் பெயர் சொல்லி மதிப்பதே இதன் வேலை. இயக்கத்துக்குப் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அது பெரிய விஷயமும் இல்லை. சொல்லவேண்டிய பெயர்கள் வேறு.

முதல் பெயர் மணியப்பன் ராமன்குட்டி. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துக்காரர். எல்லைச் சாலைகள் அமைப்பில் ஓட்டுநர். ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையில், ஈரான் எல்லையை ஒட்டிய ஸரஞ்ச் நகரிலிருந்து தெலாராம் வரை இந்தியா சாலை போட்டுக்கொண்டிருந்தபோது அங்கே வேலையில் இருந்தார். 2005 நவம்பர் 19 அன்று தாலிபான்கள் அவரைக் கடத்தினார்கள். 48 மணி நேரத்துக்குள் எல்லைச் சாலைகள் அமைப்பு நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். 23ஆம் தேதி அவர் உடல்தான் கிடைத்தது.

வேலை நிற்கவில்லை. காவலுக்கு இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையினர் போனார்கள். அவர்களிலும் சிலர் திரும்பவில்லை. 2008 ஏப்ரல் 12 அன்று அந்தச் சாலை போகும் நிம்ரோஸ் மாகாணத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் எல்லைச் சாலைகள் அமைப்பைச் சேர்ந்த எம்.பி.சிங், சி.கோவிந்தசாமி இருவரும் இறந்தார்கள். அவர்களோடு அந்தச் சாலைக்காக உயிர்விட்ட ஆப்கானியர்கள் நூற்றுக்கும் மேல். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஓர் உயிர் என்று அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது. 2009 ஜனவரி 22 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி அந்தச் சாலையை அதிபர் ஹமீத் கர்சாயிடம் ஒப்படைத்தார். நீளம் ஏறத்தாழ 218 கிலோமீட்டர், செலவு சுமார் 600 கோடி ரூபாய்.

அந்தச் சாலை எதற்கு என்று கேட்கலாம். ஆப்கானிஸ்தானுக்குக் கடல் இல்லை. சரக்கு வரவும் போகவும் பெரும்பாலும் கராச்சித் துறைமுகத்தையே நம்பியிருந்த நாடு. பாகிஸ்தான் எல்லைக் கதவைச் சாத்தினால் சந்தையில் விலை ஏறும். தெலாராமில் இந்தச் சாலை காந்தஹாரையும் ஹெராத்தையும் இணைக்கும் பெருஞ்சாலையில் சேர்கிறது. ஸரஞ்சைத் தாண்டினால் ஈரான் வழியாகச் சாபஹார் துறைமுகம். 2017இல் குஜராத்தின் காண்ட்லாவில் ஏற்றிய கோதுமை சாபஹாரில் இறங்கி, ஸரஞ்ச் வழியாகத்தான் ஆப்கானிஸ்தானுக்குள் போனது. மணியப்பன் வேலை பார்த்த மண்ணின் மேல் ரொட்டிக்கான கோதுமை போயிற்று. இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம் என்று நினைக்கிறோம்.

மின்சாரக்காரர்களான எங்களுக்கு இன்னொன்றும் உறைக்கிறது. புல்-இ-குமுரியிலிருந்து காபூலுக்கு 202 கிலோமீட்டர் நீளத்துக்கு 220 கிலோவோல்ட் மின்தடத்தை நம் பவர்கிரிட் நிறுவனம்தான் இழுத்தது. உச்சியில் பனி மூடிக் கிடக்கும் இந்துகுஷ் மலையைத் தாண்டிக் கோபுரம் நட்டு, கம்பி இழுத்து, உஸ்பெகிஸ்தான் மின்சாரத்தைக் காபூலுக்குக் கொண்டுவந்தார்கள். சமவெளியில் கோபுரம் ஏறுவதே எப்படிப்பட்ட வேலை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஏன் இதை எடுத்துக்கொள்கிறோம்? நெய்வேலியே வெளியாட்கள் வந்து கைகொடுத்து எழுந்த ஊர். முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு வந்தது. 1962இல் அதன் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது. மண்ணை வாரும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. வந்த பொறியாளர்கள் வேலை முடிந்து பத்திரமாக வீடு திரும்பினார்கள். அன்று நாமும் புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடுதான். ஆனால் இங்கே துப்பாக்கிச் சத்தம் இல்லை. அந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை நிம்ரோஸ் சொல்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம், இருந்தாலும் சொல்கிறோம். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் விபத்துகள் நடந்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். அவர்கள் பெயர்களை இன்று இந்த ஊரிலேயே எத்தனை பேர் வரிசையாகச் சொல்வார்கள்? பொதுவேலையில் சாகிறவனின் பெயர் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பது எங்களுக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல.

எல்லாப் பெயரும் அப்படிக் கரைவதில்லை. 2008 ஜூலை 7 அன்று காபூல் இந்தியத் தூதரக வாசலில் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விசா வாங்க வந்த ஆப்கானியர்களும் வழியில் போனவர்களும் அதில் உண்டு. தூதரக அதிகாரி வி.வெங்கடேஸ்வர ராவ், பிரிகேடியர் ரவி தத் மேத்தா, காவலுக்கு நின்ற அஜய் பதானியா, ரூப் சிங் ஆகியோரும் இறந்தார்கள். இவர்களுக்குக் கீர்த்தி சக்ரா கிடைத்தது. தகுதியான மரியாதை, நாங்களும் தலை வணங்குகிறோம். கேள்வி அதுவல்ல. சீருடையும் பதவியும் இருந்தால் மரியாதைக்கு ஒரு வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கும் தார் ஊற்றுகிறவனுக்கும் அப்படி ஒரு வழி கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழ் மண்ணுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பழக்கமானது அல்ல. நம் முன்னோர் நட்ட நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆளுக்கும் கல். இன்ன அரசன் காலத்தில், இன்ன ஊரில், இன்ன காரியத்தில் இன்னான் பட்டான் என்று எழுதி வைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் நாய்க்குக்கூடப் பெயர் எழுதிய ஊர்க்காரர்கள் நாம்.

கூட்டத்தில் ஓர் ஆட்சேபணை வந்தது, காரசாரமாகவே வந்தது. 2021 ஆகஸ்ட் 6 அன்று தாலிபான்களிடம் முதலில் விழுந்த மாகாணத் தலைநகரம் அதே ஸரஞ்ச். இன்று அந்தச் சாலையில் அவர்களுடைய வண்டிகள்தான் ஓடுகின்றன, இதற்கா உயிர்விட்டார்கள்? எங்கள் பதில்: சாலை ஆட்சிக்குப் போட்டதல்ல. கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டியும் மாதுளை ஏற்றிய லாரியும் அதே தார் மேல்தான் போகின்றன. நாட்டைக் கட்டப் போனவனின் மதிப்பை, பிறகு அந்த நாட்டை யார் பிடித்தார்கள் என்பதை வைத்து அளக்க மாட்டோம். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லிக்கு வந்து பேசிவிட்டுப் போனார். அரசுகள் பேசட்டும்; பேசத்தான் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட மேசைகளில் மணியப்பன் பெயரை யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.

இனி செய்யப்போவது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 19 அன்று நகரியத்தில் கூடுவோம். உடல் கிடைத்த நாளை விட்டு, அவர் வேலையில் இருந்த கடைசி நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மௌன அஞ்சலியோடு கலைய மாட்டோம்: அன்று ஒரு சாலையோ பாலமோ மின்தடமோ எப்படிப் போடப்பட்டது, யார் போட்டார்கள் என்று அந்த வேலை தெரிந்தவர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வார். வெளிநாட்டுச் சீரமைப்புப் பணியில் இறக்கும் ஓட்டுநர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் ஆகியோருக்கும் அதிகாரிக்கு உள்ள அதே அரசு மரியாதை வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதுவோம். பதில் வரும்வரை எழுதுவோம். உடன் இறந்த ஆப்கானியர்களின் பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்குவோம். அவர்கள் பெயர் இல்லாமல் நம்மவர் பெயரை மட்டும் எழுதினால் அது பாதிக் கணக்கு.

நெய்வேலியில் ஒரு கல்லும் நடுவோம். ஆடம்பரம் வேண்டாம், பெயர், செய்த வேலை, இடம், தேதி போதும். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, நிலம் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும் சுற்றுக் கிராமத்தார் யாரும் உறுப்பினராகலாம். சந்தா எல்லோருக்கும் ஒன்றே. கட்சிக் கொடி இருக்காது. திறப்பு விழாவுக்கு யார் வந்தாலும் வரவேற்போம், நாற்காலி போடுவோம், டீ கொடுப்போம். கல்லில் திறந்து வைத்தவர் பெயர் மட்டும் இருக்காது.